இடுப்பில் கனக்காத ரிவால்வர்

அமெரிக்காவில் காட்டுக்குள் நடக்கவும் தூண்டில் போடவும் போகிறவர்களில் சிலர், இடுப்பில் ஒரு பாயின்ட் 22 ரிவால்வரைச் செருகிக்கொள்வது நெடுநாள் வழக்கம். இன்று அலுமினியக் கலவையில் செய்த ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 317, 350 கிராம் கூட இருக்காது. ரூகர் எல்சிஆர் அதைவிடச் சற்றுக் கனம். இரண்டிலும் 8 தோட்டாக்கள்.

நாள் முழுக்கச் சுமக்க எடை குறைவு சுகம்தான். சுடும்போதுதான் சங்கடம். பாயின்ட் 22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை அடிப்பக்க விளிம்புக்குள் இருக்கிறது. அந்தப் பித்தளை விளிம்பை நசுக்கப் பலமான அடி வேண்டும். அதனால் விசையும் இறுக்கம். துப்பாக்கியோ இறகு போல. இழுத்த இழுப்பில் குறி நகர்ந்துவிடும். ஆகவே கட்டைவிரலால் சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து வைத்துச் சுடக்கூடிய மாடலாக, 3 அங்குலக் குழலோடு வாங்குவதே புத்திசாலித்தனம். குட்டைக் குழல் சட்டைப்பைக்கு அழகு, அவ்வளவுதான்.

ஒரு தோட்டா வெடிக்காவிட்டால், மறுபடி விசையை இழுத்தால் அடுத்தது சுழன்று வரும். பாம்புக்கும் முயலுக்கும் போதும். கரடி நடமாடும் காட்டுக்கு இது ஆகாது.