அவரை எதற்காகக் காத்திருந்தது?



சென்னை அசோக் நகரில் என் பெரியம்மா வீடு இருக்கிறது. அங்கே எட்டு வீட்டுக்காரர்களும் சேர்ந்து மொட்டை மாடியில் தோட்டம் போட்டிருக்கிறார்கள். நிலமே இல்லாமல் தோட்டமா என்று சிரிக்காதீர்கள். 2013-14லேயே தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் பை, தென்னைநார்க் கழிவு, விதை எல்லாம் கொடுத்தது. பெரியம்மாவின் பைகள் கிழிந்துபோய் இப்போது பாதிக்கு மேல் பழைய பெயிண்ட் வாளிதான்!

ஆடிப்பெருக்குக்குப் போனபோது நம் வீட்டுக் கொடி அவரை விதை நாலு எடுத்துப்போய் ஊன்றினேன். காலாண்டு லீவில் போய்ப் பார்த்தால் பந்தல் நிறைய இலை. ஒரு பூ கூட இல்லை. "இது காய்க்காதும்மா, பிடுங்கிப் போட்டுடு. மழை வந்தா தளம் வேற ஒழுகும்" என்றார் மேல்வீட்டு மாமா. போன வருஷம் அவர் வீட்டுக் கூரையில் ஈரம் இறங்கியதாம். அவர் மேலும் தப்பில்லை. ஆனாலும் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

போனில் ஆயாவிடம் சொன்னேன். "பனி இறங்காம அவரை பூக்காதுடி" என்றாங்க. நம் அறிவியல் டீச்சரிடம் கேட்டபோது, காரணம் பனி இல்லை, இரவின் நீளம் என்றார். பழைய கொடி அவரை ஒரு குறும்பகல் செடி. இரவு எவ்வளவு நேரம் என்பதை இலைதான் கண்டுபிடிக்கிறது. சென்னையில் ஜூனில் பகல் சுமார் 12 மணி 50 நிமிடம், டிசம்பர் கடைசியில் சுமார் 11 மணி 20 நிமிடம். ஒன்றரை மணி வித்தியாசம்தான், அவரைக்கு அது போதும். நடு ராத்திரியில் வெளிச்சம் பட்டால் இந்தச் செடிகள் ஏமாந்துவிடுமாம். அதனால் மாடி லைட்டை அணைக்கச் சொன்னேன். (குட்டையான செடி அவரைக்கு இந்தக் கணக்கு கிடையாது.)

சரி, ஒழுகலுக்கு என்ன வழி? சென்னையில் வருஷத்துக்குச் சுமார் 140 செ.மீ. மழை. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள். தென்னைநார் தன் எடையைப் போலப் பல மடங்கு தண்ணீர் குடிக்கும். அதனால் அந்த லீவிலேயே வாளிகளின் அடி ஓட்டையைக் குச்சியால் குத்திவிட்டு, ஒவ்வொன்றையும் செங்கல் மேல் ஏற்றி, ஓரச் சுவர்ப்பக்கம் தள்ளினோம். மழைநீர்க் குழாய் வாயில் கையை விட்டால் ஒரு முறம் மக்கின இலை! தண்ணீர் தேங்கியதே அதனால்தான். இந்த வருஷமும் ஒழுகினால் கொடியை எடுத்துவிடுகிறோம் என்று மாமாவிடம் ஒப்புக்கொண்டோம்.

ஒழுகவில்லை. கார்த்திகைக் கடைசியில் பூ வந்தது.

மார்கழியில் தளிரில் கறுப்பாக அசுவினி அப்பும். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலம் தெளிக்கணும். மழை உரத்தைக் கழுவிக்கொண்டு போயிருக்கும், அதனால் மண்புழு உரம் ஒரு கைப்பிடி போடணும். அரையாண்டு லீவில் இது ரெண்டும்தான் என் வேலை.

முதல் பறிப்பில் எட்டு வீட்டுக்கும் ஆளுக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது. மாமா இன்னொரு கைப்பிடி கேட்டார். முற்றின காய்களைக் கொடியிலேயே காயவிட்டிருக்கிறோம். விதை வேண்டும் என்கிறவர்கள் மாசியில் என்னிடம் கேளுங்கள்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி