கத்தரியை நிறுத்தும் புரதம்

லண்டன் இம்பீரியல் கல்லூரி ஆய்வகத்தில் கூண்டுகளில் வளர்த்த மலேரியா கொசுக்கள் 7 முதல் 11 தலைமுறைக்குள் பூண்டோடு அழிந்துபோயின. யாரும் மருந்து அடிக்கவில்லை. கொசுவின் ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே மரபணுவில் கைவைத்ததுதான் காரணம். தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்ற பெண் கொசுவால் கடிக்கவும் முடியாது, முட்டையிடவும் முடியாது. 2018-இல் வெளியான இந்த ஆய்வு, ‘ஜீன் டிரைவ்’ என்னும் உத்தியின் வீரியத்தைக் காட்டியது.

சாதாரணமாக ஒரு மரபணு மாற்றம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத்தான் போகும். ஜீன் டிரைவ் இந்தக் கணக்கை மீறுகிறது. மாற்றத்தோடு சேர்ந்தே ‘காஸ்9’ என்ற கத்தரியும் போகிறது. அது எதிர் குரோமோசோமில் அதே இடத்தை வெட்டுகிறது. வெட்டுப்பட்ட இடத்தைச் சரிசெய்யும் செல், பக்கத்தில் இருப்பதைப் பார்த்து அப்படியே நகலெடுத்துவிடுகிறது. அதனால் மாற்றம் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளுக்கும் போய்ச்சேருகிறது.

அப்படியானால், கைமீறினால் எப்படி நிறுத்துவது?

விடை பாக்டீரியாக்களிடமே இருந்தது. காஸ்9 நாம் உருவாக்கிய பொருள் அல்ல. தன்னைத் தாக்கும் வைரஸ்களை வெட்டிப்போட பாக்டீரியா வைத்திருக்கும் ‘கிரிஸ்பர்’ என்ற தற்காப்பின் ஆயுதம். எதிரி சும்மா இருக்குமா? டொரன்டோ பல்கலைக்கழகத்தில், ஆலன் டேவிட்சன் ஆய்வகத்தில் மாணவராக இருந்த ஜோசப் பாண்டி-டெனோமி, வெட்டுப்பட்டுச் சாக வேண்டிய சில வைரஸ்கள் பிழைத்துக்கொள்வதைக் கவனித்து 2013-இல் வெளியிட்டார். பாக்டீரியாவின் கிரிஸ்பர் தற்காப்பை முடக்கும் சிறு புரதங்களை அவை கையோடு கொண்டுவந்திருந்தன. ‘ஆன்டி-கிரிஸ்பர்’ புரதங்கள் என்று அவற்றுக்குப் பெயர்.

இவற்றில் காஸ்9-ஐ முடக்குவதில் பிரபலமானது ‘ஏசிஆர்-2ஏ4’. லிஸ்டீரியா பாக்டீரியாவுக்குள் ஒளிந்திருந்த வைரஸ் மரபணுக்களில் கிடைத்தது. பரவலாகப் பயன்படும் காஸ்9-இல் 1,368 அமினோ அமிலங்கள். இதில் வெறும் 87. காஸ்9 தன் வழிகாட்டி ஆர்என்ஏவை ஏற்றிக்கொண்டு வெட்டத் தயாராகும்வரை இது காத்திருக்கிறது. பிறகு டிஎன்ஏ வந்து அமர வேண்டிய பள்ளத்தில், டிஎன்ஏ போலவே வேடம் போட்டு உட்கார்ந்துகொள்கிறது. அதன் பிறகு கத்தரிக்கு உண்மையான டிஎன்ஏவைப் பிடிக்க இடமில்லை.

மருத்துவத்தில் இதற்கு நேரடிப் பயன் உண்டு. காஸ்9 செல்லுக்குள் அதிக நேரம் தங்கினால், வெட்டக்கூடாத இடங்களையும் வெட்டும். வேலை முடியும் தருணத்தில் இந்தப் புரதத்தைச் செலுத்தினால், வேண்டிய திருத்தம் நிலைக்கிறது, வேண்டாத வெட்டுகள் குறைகின்றன. மனித செல்களில் 2017-லேயே இதைக் காட்டிவிட்டார்கள்.

ஜீன் டிரைவில் முதலில் ஈஸ்ட்டில், 2018-இல், சோதனை நடந்தது. பிறகு 2021-இல் இம்பீரியல் கல்லூரிக் குழுவே, இந்தப் புரதத்தை இனப்பெருக்கச் செல்களில் சுரக்கும் ஆண் கொசுக்களை உருவாக்கியது. டிரைவ் பரவும் கூண்டுக்குள் அவற்றை ஒரே ஒரு முறை விட்டதும், பரவல் அடங்கியது, கொசுக்கூட்டம் பிழைத்துக்கொண்டது.

இங்கேதான் நிதானம் வேண்டும். இந்தப் புரதத்தைத் தோட்டத்தில் மருந்துபோல் தெளிக்க முடியாது. ஒரு மரபணு மாற்றக் கொசுவை நிறுத்த, இன்னொரு மரபணு மாற்றக் கொசுவை வெளியே விட வேண்டும். ஏற்கெனவே வெட்டுப்பட்ட மரபணு பழைய நிலைக்கு வராது. எல்லாக் கத்தரிக்கும் இந்த ஒரே புரதம் போதாது; காஸ்12 என்ற இன்னொரு கத்தரிக்கு வேறு புரதம் தேடியாக வேண்டும். கூண்டில் வென்றதை ஆயிரம் மைல் பரப்பில் வெல்லும் என்று எடுத்துக்கொள்வதும் அவசரம்தான்.

மறுபக்கம், மலேரியா ஆண்டுக்கு ஏறத்தாழ 6 லட்சம் பேரைக் கொல்கிறது. பெரும்பாலோர் ஆப்பிரிக்கக் குழந்தைகள். ஆனாலும் ஜீன் டிரைவ் இல்லாத மரபணு மாற்றக் கொசுக்களை விட்டுப்பார்த்த திட்டத்தையே புர்கினா ஃபாசோ அரசு 2025 ஆகஸ்டில் நிறுத்திவிட்டது. நிறுத்தும் புரதம் கைவசம் இருப்பது டிரைவை வெளியே விடுவதற்கான அனுமதிச் சீட்டாகிவிடக் கூடாது. இரண்டையும் சேர்த்தே சோதித்து, அந்தந்த ஊர் மக்களின் சம்மதத்தையும் வாங்கிய பிறகே கூண்டைத் திறக்க வேண்டும்.