தூரத்துச் சர்வரும் பழைய ரசீதுப் பிரிண்டரும்

கடையிற் பொருள் வாங்குவோர் ரசீதைக் கேட்டுப் பெறுவது வழக்கம். அது வெளிவராதாயின் வரிசையில் நிற்போர் பொறுமையிழப்பர். முதலாளி கணக்குப்பிள்ளையைக் கடிந்துகொள்வார். பழைய பிரிண்டரைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்கவும் முற்படுவார். ஆயின் குற்றம் பலகாலும் இவ்விருவரிடத்தும் இல்லை. அது எங்கேயுளது என்று கண்டறியும் முறையை விளக்குவதே இச்சிறு கட்டுரையின் நோக்கம்.

பல கிளைகளையுடைய வியாபாரிகள் கணக்குப் புரோகிராமை ஒவ்வொரு கடையிலும் வையாது, சர்வர் என்னும் ஒரே கணினியில் வைப்பதுண்டு. கடையிலுள்ள கணினி, விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப் வாயிலாக அச்சர்வரின் திரையைக் காட்டுகின்றது. ஆகவே ரசீது உருவாவது தூரத்தில்; அச்சாவதோ நம் கண்முன். பிரிண்டர், கடைக் கணினி, இணைப்பு, சர்வர் என இவ்வழி நான்கு படிகளையுடையது. அருகிலுள்ள படியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாய்ச் சோதித்தல் வேண்டும்.

முதலாவது, பிரிண்டர். எப்சன் டிஎம்-டி88, டிஎம்-யு220 போன்றவற்றில், காகிதத்தை நகர்த்தும் பொத்தானை அழுத்தியவாறே சுவிட்சைப் போட்டால், யந்திரம் தன் நிலையைத் தானே அச்சிட்டுக் காட்டும். அது செவ்வனே வரின் யந்திரம் பழுதற்றது. முன்னது வெப்பத்தால் அச்சிடுவது. அதிற் காகிதம் புரண்டிருப்பின் ஒன்றுந் தோன்றாது. நகத்தாற் கீறக் கறுக்கும் பக்கமே அச்சேறும் பக்கம்.

இரண்டாவது, கடைக் கணினி. ரிமோட் டெஸ்க்டாப்பை விட்டு வெளியே வந்து, இக்கணினியிலிருந்தே சோதனைப் பக்கம் ஒன்று அனுப்புக. பொருளற்ற குறிகள் வரின், டிரைவர் மாறியிருத்தல் கூடும். சீரியல் கம்பியால் இணைந்ததாயின், கணினியும் பிரிண்டரும் வெவ்வேறு வேகத்திற்கு அமைக்கப்பட்டிருத்தலுங் கூடும்.

மூன்றாவது, இணைப்பு. ரிமோட் டெஸ்க்டாப்பின் அமைப்பிற் பிரிண்டரையும் உடன்கொண்டு செல்லும் குறி இடப்பட்டுளதா என்று பார்க்க. சர்வரில் அப்பிரிண்டரின் பெயரோடு செஷன் எண்ணும் சேர்ந்து தோன்றும். இன்று 3 என்றிருப்பது நாளை 7 ஆகலாம். புரோகிராமோ நேற்றைய பெயரையே தேடிக் காணாது நிற்கும். குறித்ததொரு பெயருக்கன்றி, அந்தந்தச் செஷனின் டிஃபால்ட் பிரிண்டருக்கு ரசீதை அனுப்புமாறு அமைத்தலே இதற்குப் பரிகாரம்.

நான்காவது, சர்வர். விண்டோஸ் சர்வர் 2008-இல் ஈஸி பிரிண்ட் என்னும் பொது டிரைவர் புகுந்தது. அது பக்கத்தை வரைந்து கடைக் கணினிக்கு அனுப்பும். பழைய புரோகிராம்களோ, காகிதத்தை வெட்டுக, பணப்பெட்டியைத் திறக்க என்னும் எஸ்க்/பாஸ் கட்டளைகளை நேரே பிரிண்டருக்கு அனுப்புவன. பொது டிரைவரின் வழியே அவை பலபோதும் சென்றடைவதில்லை. ரசீது வரினும் பெட்டி திறவாது. அந்நிலையில் நிர்வாகி, பிரிண்டரைச் செய்தோரின் டிரைவரைக் கடைக் கணினியிலுள்ள அதே பெயருடன் சர்வரிலும் நிறுவி, ஈஸி பிரிண்டுக்கு முதலிடந் தரும் விதியை மாற்றுதல் வேண்டும்.

இங்கு ஓர் எச்சரிக்கை அவசியம். சர்வர் பலருக்கும் பொதுவானது. ஒரு கடையின் பொருட்டு ஸ்பூலரை நிறுத்தினால் எல்லாக் கடைகளிலும் அச்சு தடைப்படும். பொருந்தாத டிரைவர் ஒன்று ஸ்பூலரையே வீழ்த்தவுங் கூடும். ஆதலின் இவ்வேலையைக் கடையடைத்த பின்னரே செய்க. ஒரு வேளைக்கு ஒரு மாற்றமே செய்து, அதனைக் குறித்தும் வைக்க.

பெயர் மாறும் குறை புதிய பிரிண்டரையும் விடாது தொடரும் என்பதைச் சிந்திப்போர்க்கு, பழையதைத் தள்ளுதல் பரிகாரமாகாதென்பது விளங்கும். நான்கு படிகளையும் சோதித்த பின்னரன்றோ கணக்குப்பிள்ளையையேனும் யந்திரத்தையேனும் குறைகூறுதல் தகும்!