ரொட்டி மெஷினில் நல்ல ரொட்டி



மாவைப் போட்டு பட்டனை அமுக்கினா ரொட்டி வந்துடும்னு நினைக்கிறோம். மெஷின் பிசையும், பொங்க வைக்கும், சுடும். ஆனா மாவு இளகலா கெட்டியான்னு அதுக்குத் தெரியாது. அதை நாமதான் பார்க்கணும்.

அளவு: மைதா 500 கிராம், தண்ணீர் 300 மில்லி, எண்ணெய் 20 மில்லி, சர்க்கரை 20 கிராம், உப்பு 8 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 5 கிராம். டம்ளர் கணக்கு வேண்டாம், தராசில் நிறுத்துப் போடுங்கள். ஈஸ்ட் மேலும் உப்பு மேலும் நேராகப் படக்கூடாது.

பிசைய ஆரம்பித்து 10 நிமிடத்தில் மூடியைத் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகத் திரண்டிருக்க வேண்டும். ஒட்டினால் ஒரு ஸ்பூன் மாவு, உதிர்ந்தால் ஒரு ஸ்பூன் தண்ணீர் சேருங்கள். சுடும்போது மட்டும் திறக்காதீர்கள்.

வெயில் காலத்தில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, ஈஸ்ட்டை 1 கிராம் குறையுங்கள். இல்லேன்னா வேகமாப் பொங்கி நடுவுல அமுங்கிடும்.

வெந்ததும் உடனே வெளியே எடுங்கள். உள்ளேயே விட்டால் வேர்த்து நசநசன்னு ஆகிவிடும். நன்றாக ஆறிய பிறகே அறுக்க வேண்டும்.

குழுக் கடனில் மெஷின் வாங்கும் முன் யோசியுங்கள்: ஒரு ரொட்டிக்கு சுமார் 3 மணி நேரம் ஆகும், ஒரு நாளைக்கு மூன்று, நாலுதான் வரும். அக்கம்பக்கத்தில் விற்க இது போதும். கடைகளுக்குப் போட ஓவன்தான் கட்டுப்படியாகும். எதுவானாலும், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகே விற்போம்.