வம்பு பேசும் யந்திரங்கள்

ஊர் வம்புக்கு உலகத்தில் நல்ல பெயர் கிடையாது. ஆயினும் அதன் வேகத்தை மறுத்தவர் எவருமில்லை. தண்டோராக்காரன் தெருக்கோடியை எட்டுமுன் வம்பு ஊரையே வலம் வந்துவிடும். இந்த வம்பையே உபாயமாகக் கொண்டு இன்று கம்ப்யூட்டர்கள் பெருங் கணக்குகளைப் போடுகின்றன என்பது வேடிக்கையன்று, மெய்யே.

விருதுநகருக்குப் போவோம். 1923 வரை விருதுபட்டி என வழங்கிய அவ்வூர், வற்றல், மல்லி, பருப்பு, எண்ணெய் ஆகியவற்றின் வியாபாரத்துக்குப் பேர்போனது. அங்கே நான்கு வியாபாரிகளின் கிட்டங்கிகளில் முறையே 100, 40, 60, 0 மூட்டை வற்றல் இருப்பதாக வைத்துக்கொள்வோம். மொத்த இருப்பு எவ்வளவு? குமாஸ்தா ஒருவரை அமர்த்தினால் அவர் கூட்டிச் சொல்வார். ஆனால் அவர் காய்ச்சலில் படுத்தால் கணக்கும் கூடவே படுத்துவிடும்.

குமாஸ்தா வேண்டாம். வியாபாரிகள் இருவர் இருவராகச் சந்தித்துத் தங்கள் எண்களைக் கூட்டி ஆளுக்குப் பாதியாக எழுதிக்கொள்ளட்டும். முதலிருவர் கையில் 70, மற்ற இருவர் கையில் 30 வரும். ஆள் மாறிச் சந்தித்தால் நால்வர் கையிலும் 50! அதுவே சராசரி. சந்திப்பு இவ்வளவு ஒழுங்காக அமையாமல் கண்டவர் கண்டவரோடு பேசினாலும், எண்கள் மெல்ல மெல்லச் சராசரியை நெருங்கியே தீரும். பேசுகிறவர்கள் எத்தனை பேர் என்றே தெரியாவிட்டால்? ஒருவர் 1 என்றும் ஏனையோர் 0 என்றும் வைத்து இதே காரியத்தைச் செய்யலாம். ஆளுக்குக் கால் பங்கு வரும். ஆகவே பேர் நான்கு. ஐம்பதை நான்கால் பெருக்க, மொத்தம் 200.

அமெரிக்காவில் பாலோ ஆல்டோவிலுள்ள ஜெராக்ஸ் ஆராய்ச்சி நிலையத்தில், பல இடங்களில் இருந்த தகவல் பிரதிகளை ஒன்றுபோல் வைத்திருக்க 1987-இல் ஆலன் டிமர்ஸும் தோழர்களும் இம்மார்க்கத்தை ஆராய்ந்தார்கள். தொற்றுநோய் பரவும் விதமே அவர்களுக்கு வழிகாட்டிற்று. 2003-இல் கெம்ப், டோப்ரா, கெர்கே என்னும் மூவர், கூட்டுத்தொகையும் சராசரியும் இவ்வாறு காணும் முறையை விளக்கினர். 2008-இல் வெளியான 'கசாண்ட்ரா' என்னும் தகவல் களஞ்சியத்தை அவினாஷ் லட்சுமண், பிரசாந்த் மாலிக் ஆகிய இருவர் பேஸ்புக்கில் ஆக்கினர். எந்த யந்திரம் உயிரோடிருக்கிறது, எது ஓய்ந்தது என்பதை அதன் யந்திரங்கள் வம்பு பேசியே அறிகின்றன.

சிவகாசிச் சரவெடியில் நெருப்பு ஒரே திரி வழியாக ஓடுகிறது. நடுவில் ஓரிடம் நமுத்தால் மிச்சம் மௌனம் சாதிக்கும். வம்புக்கு ஒரே திரி என்பதில்லை. ஒருவர் வாய் மூடினாலும் இன்னொருவர் வழியாகச் சேதி போய்விடும். ஒவ்வொரு சுற்றிலும் அறிந்தவர் ஒவ்வொருவரும் கண்ட ஒருவரிடம் சொன்னால், ஆயிரம் பேரை எட்ட ஏறக்குறைய 20 சுற்றுகளே போதும்.

அபாயம் இல்லாமலில்லை. 70 என்று எழுதியவர் பாதியில் ஊரைவிட்டுப் போனால், மிஞ்சிய மூவர் காணும் சராசரி 50 அன்று, 43 சொச்சம். நூறு மூட்டைக்காரர் ஆயிரம் என்று புளுகினாலோ, 275 என்பதை எல்லோரும் ஒருமனதாக நம்புவார்கள்! ஒரு பொய்யை ஊரார் அனைவரும் ஒப்புக்கொள்வதால் அது மெய்யாகிவிடாது. ஆகையால் வம்பு பேசும் யந்திரங்களுக்கும் காவல் அவசியமாகிறது.

எனினும் இம்முறையின் பெருமை வேறிடத்தில் இருக்கிறது. கரிசலில் விளைந்த வற்றலைச் சுமந்து வரும் குடியானவனுக்கு, விலை ஒரு கடைக்காரர் மட்டுமே அறிந்த இரகசியமானால், கொடுத்ததைப் பெற்றுப் போவதன்றி வேறு கதி ஏது? கணக்கு ஒருவர் பெட்டியில் பூட்டிக் கிடக்காமல் எல்லோர் கையிலும் இருப்பதே நல்லது. நம் சந்தைகளுக்கும் அதுவே அழகு.