வண்ணத்துப்பூச்சிக் கூரை வீடுகள்

கலிபோர்னியாவின் பாலைவன ஊரான பாம் ஸ்பிரிங்ஸில் கோடை வெயில் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டும். குளிர்காலமோ இதமானது. அந்த இதத்தைத் தேடி, இரண்டாம் உலகப் போருக்குப் பின் லாஸ் ஏஞ்சலிஸ்வாசிகள் பலர் இங்கே இரண்டாவது வீடு வாங்கினார்கள். ஜார்ஜ் அலெக்சாண்டரும் மகன் ராபர்ட்டும் பத்தாண்டுகளில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி விற்றார்கள். அவற்றில் பலவற்றுக்கு வரைபடம் தந்தவர் வில்லியம் கிரிசல்.

இவர்கள் இங்கே கட்டிய முதல் குடியிருப்பு ட்வின் பாம்ஸ், 1957இல் உருவானது. வீட்டுக்கு இரண்டு பனை வகை மரங்கள் நட்டதால் அந்தப் பெயர். எல்லா வீட்டுக்கும் தளம் ஒன்றுதான்: 40 அடிக்கு 40 அடிச் சதுரம். அளவுகள் மாறாததால் வேலை விரைந்தது, செலவும் குறைந்தது. ஆனால் தெருவில் நடப்பவருக்கு அது தெரியாது. கிரிசல் ஒரு வீட்டைத் தெருவைப் பார்க்க நிறுத்துவார், அடுத்ததைப் பக்கவாட்டில் திருப்புவார். கார் நிறுத்தும் கொட்டகையை இடம் மாற்றுவார், கூரையை மாற்றுவார். சிக்கனத்துக்குள் இத்தனை முகங்களை வரவழைத்ததுதான் அவருடைய பெரிய சாதனை.

கூரைகளில் புகழ்பெற்றது வண்ணத்துப்பூச்சிக் கூரை. வழக்கமான ஓட்டு வீட்டில் நடுவில் முகடு உயர்ந்து, இருபுறமும் தாழ்வாரம் சரியும். இங்கே அதுவே தலைகீழ். நடுவில் பள்ளம், இருபுறமும் விரித்த இறக்கைபோல் மேலெழும். ஆண்டு மழை 15 சென்டிமீட்டர்கூட இல்லாத ஊரில் பள்ளத்தில் நீர் தேங்கும் கவலை குறைவு. பாரத்தைத் தூண்களும் உத்தரங்களும் தாங்குவதால், உயர்ந்த ஓரத்தின் கீழ் சுவருக்குப் பதில் கண்ணாடி வைக்க முடிந்தது. கூடத்தில் உட்கார்ந்தபடியே சான் ஜசின்டோ மலை தெரியும். வெளியே நீண்ட இறவாரமும் சிமெண்ட் ஜாலிச் சுவரும் வெயிலை மறித்தன. ஜாலியின் ஓட்டைகள் வழியே காற்று வரும். பிற்பகலில் தரையெங்கும் நிழல் கோலமிடும்.

குறையும் உண்டு. உத்தரத்தின் மேல் பலகை, அதன்மேல் மெல்லிய கூரை, அவ்வளவே. பரண் இல்லாததால் சூடு நேரே இறங்கும். ஏ.சி. இல்லாமல் கோடையைக் கடத்த முடியாது.

1965இல் விமான விபத்தில் அலெக்சாண்டர்கள் இருவரும் இறந்தார்கள். பிற்காலத்தில் பல வீடுகள் அடையாளம் தெரியாமல் மாற்றப்பட்டன. 1990களில் மதிப்பு திரும்பியது. 2006 முதல் இந்தப் பாணிக் கட்டடங்களுக்கென்றே ஊரில் ஆண்டுவிழா நடக்கிறது. பழைய வடிவத்தை மீட்க முனைந்த உரிமையாளர்கள் சிலருக்கு, முதுமையில் கிரிசலே ஆலோசனை சொன்னார்.