அடுக்களை ஔஷதம் (7): கொட்டையில்லாத காப்பி

சென்ற வாரம் ஆவாரம்பூவைப் பற்றி எழுதுகையில், கொதிக்கிற நீரில் எதைப் போட்டு இறக்கினாலும் அதற்குத் தேநீர் என்றோ காப்பி என்றோ பெயர் சூட்டிவிடும் நம் வழக்கத்தைச் சற்றே பரிகாசம் செய்திருந்தேன். அந்தப் பரிகாசத்துக்குப் பூரண யோக்கியதை உடையது சுக்குமல்லிக் காப்பிதான். காப்பிக்கொட்டையின் வாடைகூட அதில் கிடையாது. கஷாயம் என்று பாட்டி நீட்டியபோது மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடிய நாங்களே, அதில் கருப்பட்டியைக் கூட்டிக் காப்பி என்று நாமகரணமும் செய்தபின், இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தோம்.

முதற் காரியம் சுக்கின் தோலைச் சீவுவது. சுக்கின் புறத்தோல் நஞ்சென்று வைத்தியர்கள் பரம்பரையாகச் சொல்லிவருவதை அட்சரம் பிசகாமல் நம்பவேண்டியதில்லை. ஆயினும் மண்ணும், சில சரக்குகளில் வெளுப்புக்காக ஏற்றிய சுண்ணாம்பும் படிந்திருப்பது அந்தத் தோலில்தான் ஆகையால், கத்தியால் சுரண்டிவிடுவதே உத்தமம். சீவிய சுக்கை இரும்புரலில் இட்டுத் தட்டினால், அது உடனே பொடியாகிவிடாமல் நார்நாராகப் பிரிந்து, தும்மலை வரவழைக்கும் நெடியை முகத்தில் வீசிவிட்டுத்தான் வழிக்கு வரும். இஞ்சியின் காரச்சத்து உலர்கையில் உருமாறி, ஷோகால் என்னும் இன்னும் உக்கிரமான பதார்த்தமாகிவிடுவதே இதற்குக் காரணம். இஞ்சிக்கு ஜப்பானியர் வழங்கும் ‘ஷோகா’ என்ற பெயரிலிருந்து பிறந்த சொல் அது.

ஒரு பங்கு சுக்குக்கு, வாசனை எழ வறுத்த கொத்தமல்லி நாலு பங்கு, மிளகு கொஞ்சம். இரண்டு தம்ளர் நீரில் ஒரு தேக்கரண்டிப் பொடி இட்டு ஒன்றரையாகச் சுண்டவிட வேண்டும். கருப்பட்டியைத் தனியே கரைத்துத் துணியில் வடிகட்டியே சேர்ப்பேன்; பதநீர் புளிக்காதிருக்கக் கலயத்தில் பூசிய சுண்ணாம்பின் மிச்சமும் மணலும் துணியில் தங்குவதை ஒருமுறை கண்டவர்கள் அந்தச் சிரமத்துக்கு அலுத்துக்கொள்ளமாட்டார்கள். பால் வேண்டாம்; கருப்பட்டியோடு கொதித்தால் திரிந்துபோவதும் உண்டு.

இஞ்சி குமட்டலைத் தணிப்பதை இக்கால ஆராய்ச்சியும் பெரும்பாலும் ஒப்புக்கொள்கிறது. ஜலதோஷத்தில் அடைத்த தொண்டைக்கு இதனால் உண்டாகும் இதத்தில் சூட்டுக்கும் ஆவிக்கும் பாதிப் பங்கு உண்டென்பது என் அபிப்பிராயம். சர்வரோக நிவாரணி என்பாரோடு எனக்குச் சம்மதமில்லை. கருப்பட்டியும் சர்க்கரையே ஆதலால் நீரிழிவுக்காரர்கள் அதை விட்டுவிட்டுக் குடிக்கலாம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்பவர்கள் இதை நித்தியப் பழக்கமாக்குமுன் வைத்தியரைக் கேட்டுக்கொள்வது நலம்.

இத்தனை நியமங்களையும் விஸ்தரித்த நான், போன மார்கழியில் மதுரையில் ஓர் இரவு, சைக்கிளில் பாத்திரத்தைக் கட்டிக்கொண்டு வந்த ஒருவரிடம் சுக்குக் காப்பி வாங்கி, கால்வாசி வண்டல் நின்ற தம்ளரைத் தெருவிளக்கில் சாய்த்துப் பார்த்தேன். “அடியிலதாண்ணே காரமே இருக்கு, கலக்கிக் குடிங்க” என்றார். கலக்கித்தான் குடித்தேன்.